வடாம் காயும் நாட்கள்

தாய்மார்களே, பெரியவர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே மொட்டை மாடியில் வெயில் விழுகிறது. இந்த நேரத்தில் குடும்பத்தைப் பற்றியும் அதன் சின்னச் சின்ன இன்பங்களைப் பற்றியும் பேசச் சொன்னால், வடாத்தைத் தவிர வேறெதைப் பேசுவது? ஒரு வீட்டில் இதை வடாம் என்பார்கள், அடுத்த வீட்டில் கூழ் வடகம், இன்னொரு ஊரில் கூழ் வற்றல். பொருள் ஒன்றுதான்.

கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொரித்துத் தின்ன வடாம் மட்டும்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தக் கடைக்காரராலும் விற்க முடியாத இரண்டு பண்டங்கள் வடாத்துக்குள் இருக்கின்றன. ஒன்று, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இருக்கும் கூழ். மற்றது, பாதி காய்ந்த வடாம். இரண்டையும் டப்பாவில் அடைத்து வைக்க முடியாது. அன்றைக்கு அந்த மாடியில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி காலத்தில் படிக் கணக்கில் போட்டார்கள் என்று நாமும் இறங்கினால் மூன்றாம் நாள் அலுத்துவிடும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவோம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோ பச்சரிசி மாவு போதும். டம்ளரில் நான்கு. மாவு பழைய பச்சரிசியில் அரைத்ததாக, நைசாக இருக்க வேண்டும். அதற்கு அரை டம்ளர் ஜவ்வரிசி, 12 பச்சை மிளகாய், 2 டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் பெருங்காயம், 2 எலுமிச்சம்பழம். அவ்வளவுதான் சாமான்.

ஜவ்வரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கீழைத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து செய்யப்பட்டு நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்த பண்டம் அது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றபோது சேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். இன்று நம் வீட்டுக்கு வருவது அந்தக் கிழங்கு ஜவ்வரிசிதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெறும் அரிசி மாவிலும் வடாம் வரும், ஆனால் கடிக்கக் கொஞ்சம் முரடாக இருக்கும். ஜவ்வரிசி சேர்ந்தால் இலேசாகப் பூக்கும்.

முதல் நாள் இரவே ஜவ்வரிசியைக் கழுவி ஊறவைத்துவிடுங்கள். விடியற்காலை 2 டம்ளர் தண்ணீரில் வேகவையுங்கள். மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை, முழுதும் கண்ணாடியாக வேண்டும். மிளகாயை உப்போடு விழுதாக அரைத்து வடிகட்டிவிடுங்கள். அச்சில் பிழியும்போது ஒரு மிளகாய் விதை போதும், ஓட்டை அடைத்துக்கொள்ளும். சீரகமும் அப்படித்தான். ஓமப்பொடி அச்சுக்குச் சீரகம் ஆகாது, கரண்டியால் ஊற்றும் வடாத்துக்குப் போடலாம்.

அச்சில் பிழிவதற்கு 1 டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கணக்கு. நான்கு டம்ளர் மாவுக்குப் பத்து. அதில் மூன்று டம்ளரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழு அடிகனமான பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஜவ்வரிசி, மிளகாய் விழுது, பெருங்காயம் எல்லாம் அதில் போய்விடட்டும். பிறகு ஒருவர் மாவுக் கரைசலை ஊற்ற, ஒருவர் விடாமல் கிளற வேண்டும். இங்கே இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் கட்டி தட்டும், கட்டிக்குள் வேகாத மாவு ஒளிந்துகொள்ளும், அந்த இடம் பொரியும்போது பூக்காமல் கல்லாக நிற்கும். கிளறுவது தோள் வலிமை கேட்கும் வேலை. அப்பாக்களை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுங்கள். அம்மா மட்டும் எழுந்து, அம்மாவே கிளறி, அம்மாவே சுமந்துபோய் மாடியில் பிழிந்து, எல்லோரும் எழும்போது வேலை முடிந்திருக்கிற வடாத்தால் எந்த வீட்டுக்கும் மகிழ்ச்சி வராது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பல வீடுகளில் வடாம் நின்றுபோனதற்குக் காரணம் வெயிலோ நேரமோ இல்லை, ஒருத்தியின் தலையில் மட்டும் அது ஏறி உட்கார்ந்ததுதான்.

மாவு சேர்ந்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள், அவ்வப்போது கிளறுங்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் வெள்ளை நிறம் மங்கி மினுமினுப்பு வரும். கையை நனைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள், ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். இறக்கி, சற்று ஆறியபின்தான் எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போது பிழிந்தால் கசப்புத் தட்டும், புளிப்பு மாவின் கெட்டித்தன்மையையும் உடைத்துக் கூழை நீர்க்க வைக்கும்.

உப்பில்தான் எல்லோரும் தவறுகிறோம். கூழை வாயில் வைத்தால் உப்புக் குறைவாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் வடாத்தில் சரியாக இருக்கும். அத்தனை கூழும் காய்ந்தபின் கால்வாசி அளவுக்குத்தான் தேறும். தண்ணீர் போய்விடும், உப்பு அப்படியே நிற்கும். கூழிலேயே கணக்காக உப்புப் போட்டால் வடாம் கரிக்கும்.

இப்போது அந்த முதல் பண்டம். இறக்கிய கூழில் ஆளுக்கொரு கரண்டி, சின்னக் கிண்ணத்தில். மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். உப்புப் போதாதவர்கள் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளட்டும். வெயில் ஏறுவதற்குள் பிழிய வேண்டும் என்று இந்த இடத்தைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். தாண்டாதீர்கள். பல் தேய்த்த வாயோடு, இருட்டு முழுதும் விலகாத சமையலறையில், எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடும் அந்த ஐந்து நிமிடத்தை வீட்டில் வேறு எந்தப் பண்டிகையும் கொடுப்பதில்லை. பாட்டி இருக்கிற வீடு என்றால் முதல் கரண்டி அவருக்கு. உப்பைச் சொல்லவேண்டியவர் அவர்.

பிறகு மாடி. நன்றாகத் துவைத்த பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரியுங்கள், நாலு முனைக்கும் கல் வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் எடுப்பது சுலபம், ஆனால் அடிப்பக்கம் காற்று போகாது, காய ஒரு நாள் கூடும். சூடான கூழைப் பிளாஸ்டிக்கில் பிழிவதும் சரியில்லை. கூழ் சூடாக இருக்கும்போதே அச்சில் போட வேண்டும், ஆறினால் இறுகிப் பிழியக் கை நோகும். வளர்ந்த பிள்ளைகளிடம் அச்சைக் கொடுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆறிய கூழைத் தனியே எடுத்து, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ஒரு ஸ்பூனோடு வேட்டியின் ஒரு ஓரத்தைக் கொடுத்துவிடுங்கள். யானை போடட்டும், நிலா போடட்டும், தன் பெயரின் முதல் எழுத்தைப் போடட்டும். திருத்தாதீர்கள். கோணலாக இருந்தாலும் வடாம் பொரியும். தடிமன் மட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும், ஒரு பக்கம் தடித்தால் அந்தப் பக்கம் காயாது. வீட்டு வேலைகளில் குழந்தையின் கை உண்மையாகவே உதவியாக இருப்பது எத்தனை? இது அதில் ஒன்று.

எட்டு மணிக்குள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் தளம் காலைச் சுடும். காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்பது பழைய வழக்கம். இரண்டு நாளில் காக்காய் குடைக்குப் பழகிவிடும், இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். பழைய கொசுவலை இருந்தால் நான்கு நாற்காலியில் கட்டிவிடுவது அதைவிட நல்லது.

மாலை மூன்றரை, நாலு மணி. இரண்டாவது பண்டத்துக்கு நேரம் இது. மேலே மொரமொரவென்று தோல் கட்டியிருக்கும், உள்ளே கூழ் மெத்தென்று இருக்கும். வேட்டியிலிருந்து விரலால் நெம்பி எடுத்தால் பாதி ஒட்டிக்கொண்டே வரும். புளிப்பும் காரமும் வெயில் வாசனையும் சேர்ந்த அந்தச் சுவை பொரித்த வடாத்துக்குக் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நேரே மாடிக்குத்தான் ஓடுவார்கள். ஓடட்டும். கால்வாசி இப்படியே போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு மாவை ஒரு டம்ளர் கூடப் போடுவதுதான் அனுபவம் உள்ளவர்கள் செய்வது.

சாயங்காலம் வேட்டியோடு சுருட்டாமல் அப்படியே உள்ளே கொண்டுவாருங்கள். வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டால் வடாம் உடையாமல் உரிந்துவரும். தட்டிலோ முறத்திலோ பரப்பி மேலும் இரண்டு நாள் வெயில். இரவில் குவித்து வைக்காதீர்கள், ஈரம் குவியலுக்குள் நின்று புளித்த வாடை வரும். உடைத்தால் டக்கென்று ஓசை கேட்டால் காய்ந்துவிட்டது. சூடு ஆறியபின் டப்பாவில் போடுங்கள். வெயில் சூட்டோடு மூடினால் மூடியின் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

நாள் பார்ப்பது பற்றி. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில்தான் வடாத்துக்கு ஏற்றது என்று நினைக்கிறார்கள். அந்த வெயிலில் மேல்தோல் சடாரென்று காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, விரிசல் விடும். கோடை மழையும் அப்போதுதான் சொல்லாமல் வரும். மாசிக் கடைசியும் பங்குனியும் நல்லவை. நடுவில் மழை பிடித்தால் பதற வேண்டாம், கட்டில் மேல் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். கொழகொழப்போ கரும்புள்ளியோ தெரிந்தால் மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இலை வடாம் இருக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, உப்புப் போட்டு ஓர் இரவு புளிக்கவிட்டு, காலையில் மிளகாய் விழுது சேர்த்து, தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிய பூவரச இலையிலோ அதற்கென்று விற்கும் தட்டிலோ ஒரு ஸ்பூன் பரப்பி ஆவியில் மூன்று நிமிடம். உரித்து, கூடத்தில் துணி மேல் போட்டு நிழலிலேயே முக்கால்வாசி உலர்த்திவிடலாம். கடைசியில் பால்கனி வெயில் ஒரு நாள் போதும். ஆவியில் வெந்த சூட்டோடு நல்லெண்ணெய் தொட்டுத் தின்ன இதுவும் அருமை. பாதி அப்படியே தீர்ந்துவிடும்.

மோர் மிளகாய், வெங்காய வடகம் எல்லாம் கேட்பீர்கள், அவற்றுக்கு இன்னொரு மாலை வேண்டும். பொரிப்பதைச் சொல்லி முடிக்கிறேன். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு துண்டைப் போட்டால் அடியில் போய் அந்தக் கணமே பூத்து மேலே வர வேண்டும். வடாத்துக்குள் மிச்சமிருக்கும் துளி ஈரம் ஆவியாகி வெடிப்பதால்தான் அது பூக்கிறது. எண்ணெய் சூடு போதாவிட்டால் பூக்காமல் எண்ணெயைக் குடிக்கும்.

ஐப்பசியில் டப்பா அடியில் தூள் சேர்ந்திருக்கும். கொட்டாதீர்கள். சின்னக் கம்பி வடிகட்டியில் போட்டு, வடிகட்டியோடு எண்ணெயில் முக்கி எடுத்தால் ஒரு நொடியில் பொரிந்துவிடும். மழை பெய்யும் இரவில் சூடான வற்றல் குழம்புச் சோற்றின் மேல் அதைத் தூவிப் பிள்ளைகள் தட்டில் வையுங்கள். அதில் யானையின் தும்பிக்கை எது என்று அவர்கள் தேடுவார்கள்.

வணக்கம்.