ஒரு எலுமிச்சம்பழம் தந்த 7,500 ரூபாய், அப்புறம் வேப்பேரிக் கோவில்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்! ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்தது. எனக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை, அவ்வளவு கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தில் 7,500 ரூபாய் வந்திருக்கிறது மக்களே! ஒரு மூட்டை இல்லை, ஒரு பழம்!

நம் சேனலைப் பழகினவர்களுக்கு எங்கள் ஏலம் எப்படி இருக்கும் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வடசென்னையில் யாரிடம் வயல் இருக்கிறது? ஆனாலும் அறுப்பின் பண்டிகைக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் கத்தரிக்காய் கொண்டு வருவார்கள். முருங்கை மரம் வைத்திருப்பவர்கள் கட்டு கட்டாகக் கீரை ஒடித்து வருவார்கள். காசிமேட்டிலிருந்து ஒருவர் வருஷா வருஷம் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டு வருவார். மற்றவர்கள் முந்தின நாளே மார்க்கெட்டுக்குப் போய் வாழைத்தார், பூசணிக்காய், சேனைக்கிழங்கு என்று வாங்கி வந்து திருப்பந்தி முன்னால் படைத்துவிடுவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் வெளியே பந்தலுக்கு வரும், ஏலம் ஆரம்பிக்கும்.

இந்த எலுமிச்சம்பழம் ஒரு பாட்டி வீட்டு மரத்தில் காய்த்தது. காம்போடு ரெண்டு இலை அப்படியே இருந்தது, ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பச்சை. ஏலம் விடும் அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பிடித்து நூறில் ஆரம்பித்தார். ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ரிடையரான ஒரு பெரியவர் ஒரு பக்கம், வாலிபர் சங்கத்துப் பையன்கள் இன்னொரு பக்கம். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. பையன்கள் ஜீபேயில் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியவர் "ரெண்டாயிரம்" என்றார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முடிந்தது என்று பார்த்தால் அவர் பழத்தைக் கையில் வாங்கி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு, "காணிக்கையா வச்சுக்கோங்க, திரும்ப ஏலம் விடுங்க" என்று கொடுத்துவிட்டார். ரெண்டாவது சுற்று 2,500-க்குப் பையன்கள் எடுத்தார்கள். அவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். மூணாவது சுற்றில் பெண்கள் ஐக்கிய சங்கம் உள்ளே வந்தது, 3,000. அம்மாக்கள் எடுத்ததும் பந்தலே ஆர்ப்பரித்தது. இந்த மொத்தப் பணமும் கோவில் கூரை ஒழுகுவதைச் சரி பண்ணப் போகிறது. கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை ரெண்டு மழைக்காலமாக வாளி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏல வீடியோவைச் சின்னதாக வெட்டி அன்றைக்கு ராத்திரியே போட்டேன். அதற்குக் கீழே ஒருவர், "வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கோவிலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அந்த ஆள் மேல் கோபம் இல்லை. நம் ஆட்களே பாதிப் பேர் அப்படித்தானே நினைக்கிறார்கள்! அதனால்தான் மறுநாளே கேமராவை எடுத்துக்கொண்டு வேப்பேரி போனேன். ஈ.வெ.கி. சம்பத் சாலையில் இருக்கிற செயின்ட் மத்தியாஸ் கோவில். புரசைவாக்கம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீர்கள்.

அந்தக் கோவிலை யார் கட்டினது என்று கேட்டால், ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் முதலில் கோவில் கட்டினவர் ஓர் ஆர்மீனிய வியாபாரி, பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். கத்தோலிக்கர்களுக்காகக் கட்டினார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749-ல் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைத்ததும், கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் ஆங்கிலேயர்கள் கோவிலைப் பிடுங்கி, கொஞ்ச காலத்தில் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மிஷனரிகள் யார்? ஆங்கிலேயர்களா? இல்லை, ஜெர்மானியர்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்த லுத்தரன்கள், அதாவது மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டண்டுகள். சம்பளம் கொடுத்தது லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. உள்ளே ஜெபம் நடந்தது தமிழில். இப்போது நாம் பார்க்கிற கட்டடம் 1820-களில் எழும்பியது. இதில் எதை "வெள்ளைக்காரன் கட்டினது" என்று ஒரே வார்த்தையில் அடைப்பது?

உஸ்கானைச் சும்மா பெயர் மட்டும் சொல்லித் தாண்டக் கூடாது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் என்று சொல்வோமே, அதை 1726-ல் தன் சொந்தக் காசில் முதலில் கட்டினவர் இவர்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவரும் இவர்தான். 1751-ல் இறந்தார், கல்லறை இந்தக் கோவில் வளாகத்திலேயே இருக்கிறது. அவருடைய இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துப் பிறந்த ஊரான ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். வேப்பேரியில் உடம்பு, பாரசீகத்தில் இதயம். எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தவர். யோஹான் பிலிப் ஃபப்ரிசியஸ். புரசைவாக்கத்தில் ஃபப்ரிசியஸ் பள்ளிக்கூடம் தெரியுமே, அந்தப் பெயருக்குரியவர். 1742-ல் சென்னைக்கு வந்தார், 1791-ல் சாகிற வரைக்கும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இங்கேயே இருந்தார். அவருக்கு முன்னால் 1726-ல் பெஞ்சமின் ஷுல்ட்ஸே வந்து கறுப்பர் பட்டணத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், வேலையை ஆரம்பித்து வைத்திருந்தார். ஆனால் நின்று வேரூன்றினவர் ஃபப்ரிசியஸ்தான். சண்டை வந்தபோதெல்லாம் மக்களைக் கூட்டிக்கொண்டு டச்சுக்காரர்கள் இருந்த பழவேற்காட்டுக்கு ஓடுவார், அமைதியானதும் திரும்பி வருவார். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரியைச் சூறையாடிவிட்டார்கள். திரும்பி வந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

அட, அச்சு எந்திரத்தை விட்டுவிட்டுப் போகிறேன் பாருங்கள்! இதுதானே முக்கியம். 1761-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கேயிருந்து ஓர் அச்சு எந்திரம் சென்னைக்கு வந்தது. சர்க்காருக்கு அதை ஓட்டத் தெரியவில்லை. "சர்க்கார் வேலை வந்தால் முதலில் அதை அச்சடித்துத் தர வேண்டும், மற்ற நேரம் உங்கள் வேலை" என்ற ஒப்பந்தத்தில் ஃபப்ரிசியஸிடம் கொடுத்தார்கள். அப்படி வேப்பேரியில் அச்சகம் ஆரம்பித்தது. அதில் 1772-ல் அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு வந்தது. 1779-ல் தமிழ்–ஆங்கில அகராதி வந்தது, கிட்டத்தட்ட 9,000 சொற்கள். கூட உழைத்தவர் பிரைட்ஹாப்ட் என்ற இன்னொரு மிஷனரி. அந்த அகராதியை வளர்த்து வளர்த்து அச்சிட்டார்கள், 1972 பதிப்பை இன்றைக்கும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் ஏற்றி வைத்திருக்கிறது. நம் புரசைவாக்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஆரம்பித்த வேலை மக்களே! இதைப் பற்றி நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி கூட இல்லை.

அந்த மனிதருக்குக் கடைசிக் காலம் நன்றாக இல்லை. பணத்தைத் தப்பான இடத்தில் கடன் கொடுத்து மாட்டிக்கொண்டு, வயசான காலத்தில் கடனுக்காகச் சிறைக்கே போனார். அவருக்கு அப்புறம் கெரிக்கே, அப்புறம் ரொட்லர். ரொட்லர் செடிகொடி ஆராய்ச்சியிலும் பெரிய ஆள், அவரும் ஒரு தமிழ் அகராதி போட்டார்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. நாம் சொல்கிற பெயர்கள் எல்லாம் ஷுல்ட்ஸே, ஃபப்ரிசியஸ், ரொட்லர். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த முன்ஷிகள் யார்? எழுத்து கோத்த கை யாருடையது? வீடு வீடாகப் போன உபதேசியார்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரையில் உட்கார்ந்து பாடின சனங்கள் யார்? அவர்கள் இல்லாமல் ஒரு பக்கம் கூட அச்சேறியிருக்காது. என் கண்ணில் கோவிலைக் கட்டினவர்கள் அவர்கள்தான்.

அதற்காக எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோவிலில் சாதிப்படி பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நிறையப் பேர் அதை ஏற்காமல் வெளியே போனார்கள். சாதியை விட முடியாமல் கோவிலை விட்டவர்கள். எனக்கு இதைப் படித்ததும் வயிறு எரிந்தது. கல்யாணப் பேச்சு என்று வந்தால் இன்றைக்கும் நம் சபைகளில் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். இதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசுகிற ஆண்டு விழா மலர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபப்ரிசியஸ் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டு வந்தார், நம் ஞானப்பாட்டு மரபுக்கு அவர் பெரிய தூண். அந்த மெட்டு நீளமாகப் போகும், மூச்சு பிடித்துப் பாட வேண்டும். பக்கத்தில் கர்நாடக ராகத்தில் நம் கீர்த்தனைகள். ரெண்டும் ஒரே ஆராதனையில் வருவது நமக்கு மட்டும் கிடைத்த சொத்து. இப்போது நிறையச் சபைகளில் திரை மாட்டிவிட்டு, பாமாலையில், அதாவது ஞானப்பாட்டுப் புத்தகத்தில், ஒரு சரணம், கீர்த்தனையில் ரெண்டு சரணம், மிச்ச நேரம் முழுக்க டிரம்ஸ். திரை இருக்கட்டும், கண் தெரியாத பாட்டிகளுக்கு நல்லதுதான். சரணத்தை ஏன் வெட்டுகிறீர்கள்?

இன்னொன்று, பல சபைகள் ஒன்றாக இணைந்து நம் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பிறந்தது 1947 செப்டம்பர் 27, கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில். அதற்கு முன்னால் ஜார்ஜ் டவுனில் டக்கர் கோவில் ஆங்கிலிக்கன், வில்லியம் சார்லஸ் கோவில் லண்டன் மிஷன், பிராட்வே வெஸ்லி மெதடிஸ்ட், ஆண்டர்சன் கோவில் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன். நடந்தே போகிற தூரத்தில் நாலு தாய்ச் சபை. அடுத்த வாரம் அந்த நாலையும் நடந்து காட்டுகிறேன்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி காலத்துப் பாமாலையோ வேதாகமமோ இருந்தால் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கையால் எழுதி வைத்திருப்பார்கள். குடும்பத்தில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, வேப்பேரி, புரசைவாக்கம், ராயபுரம், தண்டையார்பேட்டை என்று எந்தச் சபை, எந்த வருஷம் என்பதை எனக்கு எழுதுங்கள். உபதேசியார், அச்சுக் கோப்பவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று வேலையும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயர்களை வைத்தே ஒரு முழு வீடியோ போடுகிறேன்.