எட்டு நாளில் ஐந்து ஸ்பானிய நகரங்களா?

அடுத்த கேள்வி. மகனோடும் மருமகளோடும் ஸ்பெயினுக்குப் புறப்படும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "எட்டு நாள்தான் கையில் இருக்கிறது. மாட்ரிட், பார்சிலோனா, செவில்லா, கிரனாடா, வலென்சியா ஐந்தையும் பார்த்துவிட முடியுமா? நான் முட்டைகூடத் தொடாத சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"

ரயில் வேகத்தை மட்டும் பார்த்தால் முடியும் அம்மா. மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். நானும் முதல் தடவை அப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கைக் கெடுத்தது தூரமல்ல, கடிகாரம்.

மாட்ரிட் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. கடிகாரமோ பெர்லினோடு ஓடுகிறது. 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததை இன்றுவரை திருப்பவில்லை. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடுகிறது. மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. அதன் பிறகு பல சிறு கடைகள் மாலைவரை அடைத்துக் கிடக்கும். முதல் நாள் ஏழு மணிக்கே பசியோடு ஒரு உணவகத்துக்குள் நுழைந்தேன். நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் தலைகீழாக இருந்தன. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினான். அவ்வளவுதான் பேச்சு.

ஆகவே வலென்சியாவை விட்டுவிடுங்கள். மாட்ரிட்டில் இரண்டு நாள், செவில்லாவில் இரண்டு, கிரனாடாவில் ஒன்று, மீதி பார்சிலோனாவுக்கு. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனிக்கிழமைவரை மாலை ஆறிலிருந்து எட்டுவரை இலவசம். வரிசை நீளமாக இருக்கும். பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் இருப்பது அங்கே அல்ல, ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில். ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும். புத்தகத்தில் பார்த்ததை வைத்து எடை போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஓர் ஊரைச் சொல்கிறேன், கோர்தோபா. செவில்லா போகும் ரயில் அதன் வழியாகத்தான் போகிறது. இறங்கி அரை நாள் இருங்கள். எட்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய மசூதி, எண்ணூறுக்கும் அதிகமான தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து கழற்றி வந்தவை. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பக்கத்துப் பக்கத்திலேயே ஒன்று சாம்பல், ஒன்று ரோஜா நிறம். நடந்துகொண்டே இருந்தால் நடுவில் திடீரென்று கூரை வானுக்கு ஏறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் மசூதியின் வயிற்றுக்குள் எழுப்பிய கிறித்தவப் பேராலயம் அது. எனக்கு ஸ்பெயின் புரிந்த இடம் அதுதான்.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு விமான டிக்கெட் எடுத்த கையோடு அனுமதிச் சீட்டு எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்திருப்பார்கள், அது தவறினால் விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

பார்சிலோனாவில் சக்ராடா பமீலியா தேவாலயத்துக்கு மாலையில் போங்கள். மேற்குப் பக்கக் கண்ணாடிகள் வழியே உள்ளே முழுக்கச் செம்மஞ்சள் வெளிச்சம் இறங்கும். 1882-இல் தொடங்கிய கட்டடம். அதற்கே வாழ்க்கையைக் கொடுத்த கட்டடக் கலைஞர் கவுடி 1926-இல் டிராம் மோதி விழுந்தபோது, கசங்கிய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். அந்த ஊரில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மெட்ரோவில் என் பையைத் திறந்தவனுக்குக் காலியான மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் கிடைத்தது. பாவம்.

இனி சாப்பாடு. 'ஸின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் போதாது. எனக்கு அப்படிக் கேட்டு வந்த சாலட்டில் சூரை மீன் இருந்தது. அடுத்த ஊரில் பன்றித் தொடைத் துணுக்குகள். இங்கே பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது போலிருக்கிறது. 'ஸின் ஹமோன், ஸின் அத்தூன், ஸின் உவேவோ' என்று பன்றி, சூரை, முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'தோர்த்தியா' என்றால் இங்கே சப்பாத்தி அல்ல, முட்டையும் உருளைக்கிழங்கும். செவில்லாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து ஒரு பதார்த்தம் கிடைக்கும், சீரகம் மணக்கும். பார்சிலோனாவில் தக்காளி தேய்த்த ரொட்டி. பொரித்த சிறு பச்சை மிளகாய் ஒரு தட்டு நிறைய வரும். சிலது காரமாக இருக்கும் என்று கவலையோடு எச்சரிப்பார்கள். தைரியமாக வாங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம் அம்மா. செவில்லாவில் வெயில் சாதாரணமாக நாற்பது டிகிரியைத் தொடும். ஏப்ரலோ அக்டோபரோ பாருங்கள்.