விதைக்கு விட்ட அவரை

நேயர்களுக்கு வணக்கம். ஆடி பிறந்ததும் "ஒரு கை அவரை விதை இருக்கா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டு அலைகிறோம். விதையைத் தேட வேண்டியது ஆடியில் இல்லை, கொடி காய்த்து நிற்கும் மார்கழி, தையில்தான் என்பது என் கட்சி.

பல வீடுகளில் நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கொடி ஓய்ந்த பிறகு தொங்கும் நாலு சூம்பல் காயைத்தான் விதைக்கு விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கொத்துக் கொத்தாகக் காய்த்த, அசுவினிப் பூச்சி அதிகம் அண்டாத கொடியாகப் பாருங்கள். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த கொடி எவ்வளவு காய்த்தாலும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு பறிப்பு குழம்புக்குப் போகட்டும். அடுத்து வரும் திரட்சியான கொத்துகளில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் விதைக்காய் பொரியலாகிவிடும்!

காய் கொடியிலேயே காய்ந்து சருகாக வேண்டும். பனியில் நனைந்து தோல் கறுக்கத் தொடங்கினால் பறித்து, காற்றாட நிழலில் பரப்புங்கள். விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது, அதுதான் பதம்.

"டப்பாவை இறுக்கித்தானே மூடினேன், வண்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். தோட்டத்திலிருந்தே வந்ததுதான். பயறு வண்டு கொடியில் இருக்கும் காயிலேயே முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகி, பிறகு ஓட்டை போட்டு வெளியே வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் சலித்த சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு வைத்தார்கள். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? நன்றாகக் காய்ந்த விதையைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த உடனே திறக்க வேண்டாம், குளிர் அடங்கட்டும். அவசரப்பட்டால் விதைமேல் நீர் பூத்துவிடும்.

இனி விதைப்பு. பந்தல் அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். தை, மாசியில் ஊன்றினால் மாதக்கணக்கில் வெறும் இலைதான். ஆடியில் ஊன்றினால் கொடி பந்தலேறி முடிக்கவும் பகல் குறையவும் சரியாக இருக்கும். பந்தல் வேண்டாத குத்து அவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது, எப்போதும் போடலாம். குழிக்கு மூன்று விதை, ஓரங்குல ஆழம் போதும். காயில் நான்கு சிறகு போல விளிம்புள்ள சிறகவரையின் விதைக்குத் தோல் கெட்டி, இரவே ஊறப் போடுங்கள்.

போன வருஷத்து விதையா? பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஒரு வாரத்தில் பாதிதான் முளைத்தது என்றால் குழிக்கு ஐந்தாறாகப் போட்டு, திடமான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வணக்கம்.