‘கலா’ தொகுப்பை உண்மையில் செய்தவர் யார்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வத்தளையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “எம்.ஐ.ஏ.யின் ‘கலா’ இசைத் தொகுப்பை டிப்லோ போன்ற ஆண் தயாரிப்பாளர்களே செய்தார்கள், அவர் அதன் மேல் ராப் மட்டும் பாடினார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? வெளிநாட்டில் கொண்டாடப்பட்ட அந்தத் தொகுப்பு கொழும்பில் நம்மவர்களிடம் ஏன் எடுபடவில்லை?”

முதற்கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன். அது சரியல்ல. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் பிரித்தானியத் தமிழ் ராப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் (மாயா), தன் முதல் தொகுப்பான ‘அருளர்’ 2005 இல் வெளிவருவதற்கு முன்பே, ரோலண்ட் எம்.சி.-505 என்ற சிறிய கருவியில் தாமே தாளங்களை அமைத்து மாதிரிப் பதிவுகளைச் செய்தவர். அந்த முதல் தொகுப்பைக்கூட டிப்லோவின் கைவண்ணமாக ஊடகங்கள் எழுதியதை, ‘கலா’ வெளிவந்த 2007 ஓகஸ்ட் மாதத்திலேயே ‘பிட்ச்ஃபோர்க்’ என்ற இணைய இசை இதழுக்கு அளித்த நேர்காணலில் அவர் கடுமையாக மறுத்தார். ‘கலா’வின் பெரும்பகுதியை அவரும் ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். டிப்லோவின் முக்கியப் பங்கு ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் இருக்கிறது. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாடலின் புகழை வைத்து முழுத் தொகுப்பையும் அவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இந்தத் தொகுப்பு எப்படி உருவானது என்பதைப் பார்த்தால் சந்தேகமே எழாது. அமெரிக்காவில் டிம்பலாண்ட் போன்ற இசைத் தயாரிப்பாளர்களோடு பணியாற்றத்தான் மாயா முதலில் எண்ணியிருந்தார். 2006 இல் அமெரிக்க விசா கிடைக்காமல் போகவே, ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து பாட வேண்டியவர் இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பயணம் செய்து, போன இடமெல்லாம் ஒலிகளைத் திரட்டினார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களில் அதிர்கின்ற உறுமி மேளம் சென்னையில் பதிவானது. ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. இன்னொரு பாடலில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் ராப் பாடுகிறார்கள். எந்த ஊருக்குப் போவது, எந்தக் கலைஞரை அழைப்பது, எந்த மேளத்தைக் குரலுக்கும் முன்னால் நிறுத்துவது என்று முடிவெடுப்பவரே ஒரு தொகுப்பை ஆக்குபவர் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பித்தான்களை யார் அழுத்தினார் என்பது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. இந்தக் கேள்வியை ஆண் ராப் பாடகர்களிடம் எவரும் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரையே அவர் இந்தத் தொகுப்புக்குச் சூட்டியிருக்கிறார். அதையாவது நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

வரவேற்பைப் பொறுத்தவரை, ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2007 ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாக இதைத் தெரிவு செய்தது. பொதுமக்களிடம் இது சென்று சேர்வதற்கு மேலும் ஓராண்டு பிடித்தது. த கிளாஷ் என்ற ஆங்கிலேய ரொக் குழுவின் பழைய பாடலொன்றின் இசைமீது அமைந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’, 2008 இல் ஒரு ஹொலிவூட் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்த பிறகே பில்போர்ட் ஹொட் 100 என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது.

கொழும்புக்கு வருவோம். இங்கே போர் உச்சத்தில் இருந்த காலம் அது. பல்லவியிலேயே துப்பாக்கிச் சத்தம் வரும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலை, சோதனைச் சாவடிகள் நிறைந்த வெள்ளவத்தையில் தெருவுக்குக் கேட்கும்படி போட எந்தத் தமிழ் வீட்டுக்குத் துணிவு வந்திருக்கும்? அமெரிக்காவில் வாழும் இலங்கை ராப் பாடகர் டீலோன், அதே பாடலின் இசையிலேயே, மாயா பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று குற்றஞ்சாட்டிப் பாடினார். மாயா அதை மறுத்தார். அந்தச் சர்ச்சையே இசையைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. நமது நடுத்தர வர்க்கம் தவிலையும் மிருதங்கத்தையும் அரங்கில் வைத்து வணங்கும்; பறையையும் உறுமியையும் மலையகத்தின் தப்பையும் சாதி பார்த்து வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வெளியே நின்ற அந்த மேளத்தை மாயா தன் தொகுப்பின் நடுவில் வைத்தார். அதனாலேயே, நம் வீடுகளில் பலருக்கு அது தமிழிசையாகவே காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

இதுவரை கேட்காதவர்கள் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் தொடங்க வேண்டாம். ‘பேர்ட் ஃப்ளூ’வை நல்ல ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேளுங்கள், பிறகு ‘பாய்ஸ்’, அதன் பின்னர் முழுத் தொகுப்பையும் வரிசையாகக் கேளுங்கள்.