கூடிப் பேசியது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு இடையில் எங்களுக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களே, சுற்றுவட்டார ஊராட்சிகளின் இந்நாள் முன்னாள் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, இந்த அரங்கைத் திறந்து வைத்து நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அது முறையாகாது. ஓய்வு பெற்ற பிறகும் மாதந்தோறும் இந்த வட்டத்தைக் கூட்டி, வந்தவர் பெயரையும் பேசிய பொருளையும் தம் கைப்பட எழுதி வைக்கின்ற ஆசிரியர் அவர். எந்த ஆண்டில் எந்தத் தலைப்பில் யார் பேசினார் என்று கேட்டால் அவர் பேரேட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார். இன்றைக்கு நான் பேசப்போகும் பொருளுக்கும் அந்தப் பேரேட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நகர்மன்றத் தலைவர் அவர்களும் கோட்டாட்சியர் அவர்களும் ஒரே மேடையில் அமர்ந்திருப்பது இன்னொரு பேறு. தேர்ந்தெடுக்கப்பட்டவரும் நியமிக்கப்பட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊர் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் குழுக்களைப் பற்றித்தான் எனக்குத் தலைப்புக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

உள்ளூர்ப் பொதுச் சேவைகளுக்கான கூட்டுக் குழு எப்படி ஆளப்பட வேண்டும் என்பதில் நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். குழுவில் யார் யார் உட்காருவது, யார் தலைமை தாங்குவது, பணம் எங்கிருந்து வருவது, பேசி முடித்தது எங்கே பதிவாவது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இன்று அதை நான் பல முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டங்களில் இருக்கும் கூட்டுக் குழுக்களில் அரசியல் சாசனமே பெயர் சொல்லி அமைத்தது மாவட்டத் திட்டக் குழு. 74ஆவது திருத்தத்தின் வழியாக வந்து, 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 243இசட்டி பிரிவு இந்தக் குழுவை ஏற்படுத்துகிறது. குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சியின் உறுப்பினர்களும் நகர அமைப்புகளின் உறுப்பினர்களும் தமக்குள் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். ஊரக மக்கள்தொகைக்கும் நகர மக்கள்தொகைக்கும் உள்ள விகிதப்படியே இடங்கள் பிரியும். அந்தக் குழு எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதையும் சாசனமே சொல்கிறது: நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்ளுதல், உள்கட்டமைப்பை ஒருங்கே வளர்த்தல், சுற்றுச்சூழலைக் காத்தல். நகரம் குடிக்கும் தண்ணீர் எந்த ஊராட்சியின் ஏரிக்கரையிலிருந்து வருகிறது, நகரத்தின் குப்பை எந்த ஊராட்சியின் எல்லையில் போய் விழுகிறது என்று பார்த்தாலே, இந்த வரிகளை எழுதியவர்கள் நம் ஊர்களை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும்.

தலைமை விஷயத்திற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர் இந்தக் குழுவின் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். கேரளத்திலும் மாவட்ட ஊராட்சித் தலைவரே தலைவர், ஆட்சியரோ குழுவின் செயலாளராக இருக்கும் உறுப்பினர். அங்கே குழுவில் 15 பேர், அவர்களில் 12 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நான் பெரிதாக நினைப்பது பதவிப் பெயரில் உள்ள வேறுபாட்டை அல்ல. செயலாளர் என்றால் கூட்டத்தைக் கூட்டவும் குறிப்பை எழுதவும் கடமைப்பட்டவர் என்று பொருள், அந்தக் கடமை ஒருவர் தலையில் தெளிவாக விழுகிறது. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, கேரளத்தின் உள்ளாட்சித் திட்டங்கள் மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போயாக வேண்டியிருந்தது. போக வேண்டிய காகிதம் இருந்ததால் குழுவுக்கு வேலை இருந்தது.

நம் நிலையை நினைத்தால் மனம் வருந்துகிறது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியிலும் நடந்தன. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரகப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இரண்டு தரப்பு சேர்ந்தால்தான் இயங்கும் ஒரு குழுவில், ஒரு தரப்பின் நாற்காலிகள் ஒரு நாளிலும் மறு தரப்பின் நாற்காலிகள் வேறொரு நாளிலும் காலியானால், அந்தக் குழு எப்போது முழுமையாக உட்காரும்? தேர்தல் காலங்கள் இப்படிப் பிரிந்து போகும்போது குழுவின் நினைவு அறுந்து போகிறது. முன்பு இருந்தவர்கள் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் வேல்ஸ் நாட்டின் ஏற்பாடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே எதிர்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்கென்று 2015இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதிக்கும் பொதுச் சேவைகள் வாரியம் ஒன்று வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. உள்ளாட்சி மன்றம், வட்டாரச் சுகாதார வாரியம், தீயணைப்பு ஆணையம், இயற்கை வளங்களைக் காக்கும் அமைப்பு ஆகிய நான்கும் கட்டாய உறுப்பினர்கள். காவல்துறைத் தலைவர் முதலியோரும் தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதியும் அழைக்கப்பட வேண்டியவர்கள். இதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. கட்டாய உறுப்பினர்கள் அனைவரும் வந்தால்தான் கூட்டம் செல்லும், அவர்கள் அனைவரும் ஒருமனதாக ஏற்றால்தான் முடிவு செல்லும். ஒருவர் வராமல் இருந்துவிட்டுப் பிறகு 'அது எனக்குத் தெரியாதே' என்று சொல்லும் வழியை முதலிலேயே அடைத்துவிட்டார்கள். அதோடு, இந்த வாரியத்தின் ஆளுகை முறையையே ஆய்வு செய்ய உள்ளாட்சி மன்றத்தின் ஆய்வுக் குழு ஒன்றுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. கூட்டுக் குழு யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

கணக்கு என்றதும் உத்திரமேரூரைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை மேடையைவிட்டு இறங்க விடமாட்டீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக மட்டுமே நாம் கொண்டாடுகிறோம். 30 குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஓராண்டுப் பதவி எல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள இன்னொரு விதியை நாம் போதிய அளவு பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலையில் பெயர் பெற முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் பெற முடியாது. நிலமுள்ள அந்தணர்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது, பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கே இடமில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற எண்ணத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சபை தன் விதியாக்கிக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது.

இப்போது நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஒரு நகராட்சியும் ஓர் ஊராட்சியும் சந்திக்கும் தெருமுனையில் ஒரு சிறுபாலம். பாலத்துக்கு வடக்கே நகராட்சி, தெற்கே ஊராட்சி. மேலே போகும் சாலை ஒரு துறைக்குச் சொந்தம், கீழே ஓடும் வாய்க்கால் இன்னொரு துறைக்குச் சொந்தம். மழை பெய்தால் பாலத்தடியில் அடைப்பு, தண்ணீர் ஏறி முதலில் நுழைவது முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சியின் அடுப்படிக்குள். ஆச்சி போகாத அலுவலகம் இல்லை. வடக்கே இருப்பவர்கள் "தண்ணி நிக்கிறது தெக்கால, அது எங்க எல்லை இல்ல ஆச்சி" என்பார்கள். தெற்கே இருப்பவர்கள் "தண்ணியே வடக்க இருந்துதானே வருது" என்பார்கள். சாலைக்காரர் வாய்க்காலைக் காட்டுவார், வாய்க்கால்காரர் சாலையைக் காட்டுவார்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் இருந்தான். ஒவ்வொரு முறை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், அவன் பழைய கணக்கு நோட்டில் தேதி, வந்தவர், சொன்ன வார்த்தை, மறுபடி வருவதாகச் சொன்ன நாள் ஆகிய நான்கையும் ஆச்சி சொல்லச் சொல்ல எழுதி வைத்தான். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் மனம் வைத்து நான்கு தரப்பையும் அந்தத் தெருவின் பள்ளிக்கூடத்திலேயே கூட்டினார். ஒவ்வொருவரும் எழுந்து, தம் பக்கத்து வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். ஆச்சி எழுந்து, "ஐயா, எம் பேரன் வாசிப்பான், கேட்டுட்டுப் பேசுங்க" என்றார். அந்தச் சிறுவன் பயந்த குரலில் தேதி தேதியாக வாசித்தான். வாசித்து முடிப்பதற்குள் மேசையைச் சுற்றியிருந்த நால்வரும் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். யார் தூர் வாருவது, யார் குழாயை அகலப்படுத்துவது, செலவை எப்படிப் பகிர்வது எல்லாம் அரை மணி நேரத்தில் முடிவானது. தெருவே கை தட்டியது.

கதை அத்தோடு முடியவில்லை. மழைக்காலம் வருவதற்குள் அந்த மேலதிகாரி மாறுதலில் போய்விட்டார். புதிதாக வந்தவர் நேர்மையானவர், நல்லவர். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கூட்டத் தீர்மானத்தின் நகல் எங்கே?" நான்கு அலுவலகங்களிலும் தேடினார்கள், ஒரு தாளும் இல்லை. கூடியவர்கள் அனைவரும் படித்தவர்கள், ஆனால் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பேரன்தான் அன்றைய கூட்டத்தையும் தன் நோட்டில் எழுதியிருந்தான், யார் எதை ஒப்புக்கொண்டார் என்பது உட்பட. புதிய அதிகாரி அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் சேர்த்தார், அதைக் காட்டித்தான் வேலை தொடங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அந்தக் குடும்பம் தெரிந்து வைத்திருந்தது, தாய்மார்களே!

பணத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். நிதிக் குழுப் பங்கீடு தனியாக ஒரு மாலை பேச வேண்டிய பொருள், தலைவர் அனுமதித்தால் வேறொரு நாள் வருகிறேன். இன்று பதிவைப் பற்றித்தான் என் மனம் முழுதும் இருக்கிறது.

நாம் சில ஆண்டுகளாகக் கேட்டு வருவது புதிய சட்டம் அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன்னோடு சேர்ந்த குழுக்கள், வாரியங்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்க முடியுமா என்ற விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. கிராம சபைக்குத் தீர்மானப் பதிவேடு இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு நாள்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நகரங்களில் 2022க்குப் பிறகு பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் வந்திருக்கின்றன. சபையில் எழுந்து நின்று ஒரு தாய் சொன்ன குறை வார்டு குழுவுக்குப் போனதா, அங்கிருந்து மன்றத்துக்குப் போனதா, மன்றத்தில் யார் பொறுப்பில் விடப்பட்டது என்பதை அவர் தெரிந்துகொள்ள இன்று அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மாவட்டத் திட்டக் குழுவின் கூட்டக் குறிப்போ அவர் கண்ணில் படுவதே இல்லை. முடிவு எடுப்பவர்கள் நல்லவர்களாக இருந்தும் வேலை நடக்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, கோட்டாட்சியர் அவர்களின் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும், நகர்மன்றத் தலைவர் அவர்களின் வழியாக மன்றத்துக்கும் பணிவோடு வேண்டுகிறேன். இந்த மாவட்டத்தில் கூடும் ஒவ்வொரு கூட்டுக் குழுவும், அது திட்டக் குழுவானாலும் வார்டு குழுவானாலும், கூட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் தன் குறிப்பைத் தமிழில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கு எதிரிலும் பொறுப்பேற்ற அலுவலரின் பதவிப் பெயரும் முடிக்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக முந்தைய முடிவுகளின் நிலை வாசிக்கப்பட வேண்டும். வராத துறையின் பெயரும் குறிப்பில் ஏற வேண்டும். இணையத்தில் ஏற்றினால் போதாது, நியாய விலைக் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் இந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.

நகர்மன்றத் தலைவர் அவர்கள் இதை வரும் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர முயல்வதாக மேடைக்கு வருமுன் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. அந்தச் சொல்லையும் தலைவர் தம் பேரேட்டில் இன்றைய தேதியிட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கான கோரிக்கை மனு நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு உள்ளவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். மனுவில் சேர்க்க வேண்டிய உங்கள் தெருக் குறை ஏதும் இருந்தால், பின்பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு நன்றி, வணக்கம்.