ஒரே பறவை, தட்டுக்குத் தட்டு ஒரு நாடு

[திரையில்: விருந்து மேசை, நடுவில் முழுதாகச் சுட்ட வான்கோழி]

வணக்கம்! நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள். அன்று வீட்டுக்கு வீடு 'டர்க்கி' விருந்து. கிறிஸ்துமஸ் வந்தால் பிரேசிலில் 'பெரு' விருந்து. புத்தாண்டு இரவில் இஸ்தான்புல்லில் 'ஹிந்தி' விருந்து. மூன்றும் நம்ம வான்கோழிதான். அமெரிக்கர் தட்டில் துருக்கி, பிரேசில்காரர் தட்டில் பெரு, துருக்கியர் தட்டில் இந்தியா!

ஆனால் இது அந்த மூன்று நாட்டுப் பறவையும் இல்லை. இதன் சொந்த ஊர் வட அமெரிக்கா. மெக்சிகோவின் பூர்வகுடிகள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதை வளர்த்தார்கள்.

[திரையில்: கினிக்கோழியும் வான்கோழியும் அருகருகே]

அப்புறம் துருக்கி எங்கிருந்து வந்தது? கினிக்கோழியால் வந்தது. ஆப்பிரிக்கப் பறவையான அது, துருக்கியர்களின் ஒட்டோமான் பேரரசின் வணிகத் தடங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அதனால் இங்கிலாந்தில் அதைத் 'துருக்கிச் சேவல்' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மெக்சிகோவிலிருந்து வான்கோழியைக் கொண்டுவந்தார்கள். அது இங்கிலாந்தை எட்டியபோது, இரண்டு பறவைகளையும் மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். பழையதன் பெயர் புதியதற்கு ஒட்டிக்கொண்டது. மக்களை விடுங்கள். 1758இல் அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே, கினிக்கோழிக்குக் கிரேக்கர்கள் வழங்கிய 'மெலியாகிரிஸ்' என்ற பெயரைத்தான் இதற்கு வைத்தார்!

[திரையில்: உலக வரைபடம், கள்ளிக்கோட்டை ஒளிர்கிறது]

சரி, இந்தியா எப்படி உள்ளே வந்தது? கொலம்பஸ் தான் கண்ட கரையை இந்தியாவின் பக்கம் என்று நம்பினார். அமெரிக்காவை இந்தியா என்று சொல்லும் அந்த வழக்கு ஐரோப்பாவில் நெடுநாள் நின்றது. ரஷ்யர்கள் 'இந்தேய்கா' என்றார்கள், போலந்துக்காரர்கள் 'இந்திக்' என்றார்கள். டச்சுக்காரர்கள் ஊரையே குறிப்பிட்டுவிட்டார்கள்: 'கல்கூன்', அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி. மலையாளத்தில் அந்த ஊர் கோழிக்கோடு. ஆக, கோழிக்கோட்டுக் கோழி! டச்சுக்காரர்கள் இலங்கையின் கரையோரங்களை ஆண்டபோது அந்தப் பெயர் சிங்களத்துக்கும் போய், இன்றும் அங்கே 'களுகுமா'.

எனக்கு மிகவும் பிடித்தது ஹீப்ரு மொழிப் பெயர்தான். 'ஹோது' என்றால் அங்கே இந்தியா. அதே சொல்லுக்கு 'நன்றி சொல்லுங்கள்' என்றும் பொருள் உண்டு. நன்றி தெரிவிக்கும் நாளில் சாப்பிடும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்து வைக்கவே முடியாது. அது தானாக அமைந்தது!

2022இல் துருக்கி, ஆங்கிலத்திலும் தன்னைத் 'துர்க்கியே' என்றே அழைக்கும்படி கேட்டது. ஐ.நா. ஏற்றுக்கொண்டது. பறவையின் பெயரோடு குழம்புவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

[திரையில்: மெக்சிகோவில் ஒரு கல்யாணப் பந்தி]

பிறந்த ஊரில் மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. மெக்சிகோவின் பூர்வகுடிகளான ஆஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் இதன் பெயர் 'வெஷோலோட்டில்'. அது ஸ்பானிய நாக்கில் 'வாஹோலோத்தே' ஆகி இன்றும் புழங்குகிறது. கல்யாணமா, ஊர்த் திருவிழாவா, மிளகாயும் சாக்லேட்டும் அரைத்துச் சேர்த்த மோலே குழம்பில் மிதந்து வருவது வாஹோலோத்தேதான்!