முதலிடம் பிடித்த மருந்து

வணக்கம். ஒரே நோய்க்கு ஐந்தாறு மருந்துகள் இருக்கும். பெரும்பாலானவற்றைப் பிளசிபோ என்ற போலி மருந்தோடுதான் சோதித்திருப்பார்கள். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது மருத்துவருக்குத் தேவைப்படுவதோ ‘இதுவா, அதுவா’ என்பதற்கான பதில். அதைத் தருவதாகச் சொல்லி வருவதுதான் நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ்: பல ட்ரையல்களை (மருந்துச் சோதனைகளை) ஒரே வலையாகச் சேர்த்து மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ‘அ’ என்ற மருந்து, பிளசிபோவைவிட ரத்த அழுத்தத்தை 10 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைக்கிறது. நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான பலன் இருக்கக்கூடிய வரம்பு, 7 முதல் 13. ‘ஆ’ குறைப்பது 6. இடைவெளி 3 முதல் 9. இரண்டுமே வேலை செய்கின்றன. பத்திலிருந்து ஆறைக் கழித்தால் ‘அ’வுக்கு 4 மில்லிமீட்டர் சாதகம். நேரடி ட்ரையல் ஒன்றுகூட இல்லாமல் கிடைத்த மறைமுக ஒப்பீடு இது. 1997இல் புக்கர் குழுவினர் விளக்கிய முறை.

ஆனால் பலனைத்தான் கழிக்கிறோம், நிச்சயமின்மை கூடிக்கொண்டே போகிறது. அந்த 4க்கான இடைவெளி ஏறக்குறைய மைனஸ் 0.2 முதல் 8.2 வரை. பூஜ்யமும் அதற்குள் வந்துவிட்டது; அதாவது, வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்!

அப்புறம், கழிக்கலாமா என்பதே ஒரு கேள்வி. ‘அ’வை இளவயதினரிடமும், ‘ஆ’வைச் சிறுநீரகம் பழுதான முதியவர்களிடமும் சோதித்திருந்தால் அந்தக் கழித்தலுக்கு அர்த்தமே இல்லை. எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. யாரைச் சேர்த்தார்கள், எவ்வளவு டோஸ், எத்தனை வாரம் என்று ட்ரையல்களின் அட்டவணையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புள்ளியியல் நிபுணரைவிட அவருக்குத்தான் இதில் கண் கூர்மை என்பேன். நேரடி ட்ரையல்களும் இருந்தால், மறைமுக விடை அவற்றோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மருந்து; கோடு, இரண்டை நேரடியாக ஒப்பிட்ட ட்ரையல்கள். வழக்கமாக, புள்ளி பெரிதானால் நோயாளிகள் அதிகம். கோடு தடித்தால் ட்ரையல்கள் அதிகம். ஒல்லியான ஒரே கோட்டில் தொங்கும் மருந்து பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு மருந்து மற்றவற்றைவிட மேலாக இருக்கும் வாய்ப்பைக் காட்டும் சுக்ரா (SUCRA) என்றொரு சதவீதம் போட்டு மருந்துகளை வரிசைப்படுத்துவார்கள். முதல் மருந்துக்கும் இரண்டாவதுக்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றாலும் ஒன்று முதலிடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?

2018இல் லான்செட் இதழில் சிப்ரியானி குழுவினரின் ஆய்வு வந்தது: 21 மனச்சோர்வு மருந்துகள், 522 ட்ரையல்கள், 1,16,477 பேர். எல்லா மருந்துகளும் பிளசிபோவைவிட மேல் என்றது. சான்றின் உறுதியையோ ‘மிதம் முதல் மிகக் குறைவு வரை’ என்று அவர்களே மதிப்பிட்டிருந்தார்கள். பலனில் முன்னே நின்றது அமிட்ரிப்டிலின். மருந்தைப் பாதியில் விட்டவர்களின் கணக்கிலோ நிலைமை வேறு: பிளசிபோவைவிடக் குறைவாகக் கைவிடப்பட்டவை அகோமெலட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும்தான்.